கட்டிலுக்கடியில் இருந்த அடுப்பு

அந்தக் குடியிருப்பில் பிறந்த குழந்தைகளின் எடை அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். யார் குறைமாதத்தில் பிறந்தது, யாருக்கு ஆறாம் மாதத்தில் வயிற்றுப்போக்கு வந்து அரைக்கிலோ இறங்கியது, யார் நடக்க ஆரம்பித்ததும் ஒல்லியானது என்று எந்த நோட்டையும் புரட்டாமல் சொல்வாள். பதினான்கு வருடமாக ஒரு நீலப் பையில் தொங்கு தராசைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனவள். அதனால் எல்லாரும் அவளை எடைக்கார அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அதற்கு முன்பு அட்டைப்பெட்டி மடிக்கும் கம்பெனியில் இருந்தாள். ஒருநாள் ஒரு தொண்டு டிரஸ்டிலிருந்து ஒருவர் தெருக்குழாயடிக்கு வந்து, எழுதப் படிக்கத் தெரிந்த, நடக்கச் சலிக்காத பெண் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இவள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே, "எழுத்து கொஞ்சம் கோணல்தான். கால் நல்லா இருக்கு" என்றாள். அந்தப் பதிலுக்காகவே எடுத்துக்கொண்டதாக டிரஸ்டின் செயலாளர் பிற்பாடு பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கால்வாய்க்கும் ரயில் சரக்குக் கிடங்குக்கும் நடுவில் ஆறு வரிசை வீடுகள். செங்கல் சுவர், தகரக் கூரை, முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை. டிரஸ்டு அங்கே முதலில் தராசோடுதான் வந்தது. பிறகு மருந்தகம் வந்தது, மாலை வகுப்பு வந்தது, கால்வாய் ஓரமாக விளக்குக் கம்பங்கள் வந்தன. மாநகராட்சி ஆட்கள் வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும் சனங்கள், டிரஸ்டு ஆட்கள் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். எடைக்கார அக்கா வந்தால் நாற்காலிகூட வேண்டாம். நேராக உள்ளே போய் உத்தரத்துக் கொக்கியில் தராசை மாட்டிவிட்டு, "எங்கடி அந்தக் குண்டன்?" என்பாள்.

அந்த வரிசைகளை இடித்துவிட்டு நான்கு அடுக்குமாடிகள் கட்டுவது என்று மாநகராட்சி முடிவு செய்தது. கணக்கெடுக்க இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள். இரண்டு முறையும் சனங்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவை மாநகராட்சி வரவில்லை. கணக்கெடுப்பது, பட்டியல் போடுவது, வீடு ஒதுக்குவது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு டிரஸ்டிடம் கொடுத்துவிட்டது.

"அவங்க வந்தா இடிக்கற மெஷினோட வருவாங்க. நாம பேனாவோட போறோம். அதனாலதான் இதுக்கு ஒத்துக்கிட்டேன்" என்றார் செயலாளர், மருந்தகத்து மாடியில் நடந்த பயிற்சியில். ஐம்பது வயதுப் பெண்மணி. தேய்ந்த ரப்பர் செருப்பும் தோளில் ஒரு துணிப்பையுமாக எங்கும் நடந்தே போவார். எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். எட்டுப் பேரைக் கணக்கெடுக்கத் தேர்ந்தெடுத்திருந்தார். அதில் குடியிருப்பிலிருந்து எடைக்கார அக்கா ஒருத்திதான்.

பலகையில் ஒரு வரி எழுதினார் செயலாளர்: ஓர் அடுப்பு, ஒரு குடும்பம்.

"கதவை எண்ணினா ஒரே கதவுக்குள்ள இருக்கற ரெண்டு குடும்பம் விட்டுப் போகும். காகிதத்தைக் கேட்டா காகிதம் இல்லாத ஏழை விட்டுப் போவான். தனியா சமைக்கறவங்க தனிக் குடும்பம். எத்தனை அடுப்பு கண்ணுல படுதோ அத்தனை வீடு. ஆனா ஒண்ணு. எதுக்காக அடுப்பைப் பாக்கறோம்னு வெளிய மூச்சு விடக்கூடாது. விட்டா, சாயங்காலமே மூலைக்கு மூலை அடுப்பு முளைச்சிடும்."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். எடைக்கார அக்காவும் சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்த அறையில் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று.

பல வருடங்களுக்கு முன்னால் குடிநீர் வாரியத்திலிருந்து ஒருவர் காகிதக் கட்டோடு வந்தார். ஒரு வீட்டுக்கு ஒரு சமையலுக்குத்தான் இணைப்பு என்று சொல்லி, இரண்டு அடுப்பு இருந்த வீடுகளின் குழாயை வெட்டிவிட்டுப் போனார். அந்தக் கோடை முழுக்க அந்த வீட்டுப் பெண்கள் சரக்குக் கிடங்கு வரைக்கும் போய்த் தண்ணீர் சுமந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் குடியிருப்பில் ஒரு பழக்கம். கையில் காகிதத்தோடு யார் தலை தெரிந்தாலும் முதல் வீட்டிலிருந்து "பேப்பர் வருது" என்று ஒரு குரல் கிளம்பும். அது கடைசி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு அடுப்பு இருக்கிற வீட்டிலெல்லாம் இரண்டாவது அடுப்பு கட்டிலுக்கடியில் போய்விடும். கொழுந்தனார் கூட இருந்த காலத்தில் எடைக்கார அக்காவே எத்தனையோ முறை காலால் தள்ளியிருக்கிறாள்.

இதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் கையைத் தூக்கப் போனாள். பாதி தூக்கினாள் என்றுகூடச் சொல்லலாம். அந்த நிமிடத்தில் அவளுக்கு மகனின் ஞாபகம் வந்தது.

மகனுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவனுக்கு வேலை. மருமகள் மருந்துக் கடையில் நிற்கிறாள். எல்லாருக்கும் ஒரே அடுப்பு, ஒரே சமையல். இவளும் கணவரும் முன்னறையில் படுத்தார்கள். மகனும் மருமகளும் பின்னறையில் படுத்துக்கொண்டு, சிரிப்பு வந்தால் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பழக்கத்தைச் சொல்லிவிட்டால் மேடம் விதியை மாற்றிவிடுவார். விதி இப்படியே இருந்தால், மகனுக்கு ஒரு தனி வீடு கிடைக்க ஓர் அடுப்பு வாங்கி வைப்பது மட்டும்தான் பாக்கி.

தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம், "என்னங்க, ஒரு ஒத்தை பர்னர் அடுப்பு வாங்கிட்டு வாங்க" என்றாள். அவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாட்டுபவர். எதையும் கிண்டலாகப் பேசாமல் அவருக்கு வாய் மூடாது.

"எதுக்கு? மாமியாரும் மருமகளும் அஞ்சு மாசத்துலயே வெட்டிக்கிட்டீங்களா?"

"வாங்கிட்டு வாங்கன்னா வாங்கிட்டு வாங்க."

"அடுப்பு ரெண்டு, சமைக்கறது நீ ஒருத்தி. இதுக்கு இன்னும் ரெண்டு கையை வாங்கிட்டு வந்தா பிரயோசனமா இருக்கும்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் கிண்டல் பண்ணவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாம் வரிசை இஸ்திரிக்காரர் வீட்டுக்கு அவள் கணக்கெடுக்கப் போனது நான்காவது நாள். கூடவே தலைமை அலுவலகத்துப் பெண் ஒருத்தி, அடுப்பைப் படம் பிடிக்கக் கையில் ஒரு கருவியோடு வந்தாள். வரிசை முனையில் திரும்பும்போதே அந்தக் குரல் கேட்டது. பேப்பர் வருது. பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அது எடைக்கார அக்காவைப் பார்த்துக் கிளம்பியிருந்தது.

அந்த வீட்டின் முன்னறையில் இஸ்திரிக்காரரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். பின்னறையில் அவருடைய தங்கை, மகளோடு இருந்தாள். பின்னறைக்காரி என்று அவளுக்குப் பேர். புருஷன் வேலைக்கென்று வெளியூர் போனவன் போனவன்தான். டிரஸ்டு மருந்தகத்தில் தரை துடைக்கிறாள். காலையில் மருந்தகத்தைத் திறக்கிற ஆளும் அவள்தான், அக்காவுக்கு முதல் டீயை நீட்டுகிற ஆளும் அவள்தான். அவளுடைய மகள் பிறந்தபோது ஒன்றேமுக்கால் கிலோ. அதைத் தேற்றி எடுக்க அக்கா தினமும் இரண்டு வேளை தராசைத் தூக்கிக்கொண்டு போன கதை குடியிருப்புக்கே தெரியும்.

"எத்தனை அடுப்பு?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணுதான்க்கா" என்றாள் பின்னறைக்காரி. சொல்லிவிட்டு, படம் பிடிக்கும் பெண்ணுக்குத் தெரியாமல் அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தாள். நமக்குள்ள தெரியாததா என்பது போல.

கட்டிலுக்கடியில் பழைய துண்டால் மூடிய அடுப்பு தெரிந்தது. அப்போதுதான் அணைத்திருக்க வேண்டும். துண்டின் ஓரம் கருகுகிற வாசனை லேசாக வந்தது. இஸ்திரிக்காரர் அதை மறைக்கப் பெட்டியைத் துணிமேல் அழுத்தித் தேய்த்து, "சட்டை ஒண்ணு கொஞ்சம் தீஞ்சிடுச்சு" என்று யாரும் கேட்காமலே சொன்னார். அவர் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து எடைக்கார அக்காவுக்கு உதவி செய்துகொண்டிருந்தார்கள்.

"அதை வெளிய எடுடி" என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். படம் பிடிக்கும் பெண் பக்கத்தில் நின்றாள். ஒரு வீட்டில் சொன்னால் எல்லா வீட்டிலும் சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் சொன்னால் மேடம் காதுக்குப் போகும். இப்படித்தான் அவள் அன்றைக்குக் கணக்குப் போட்டாள். ஒன்று என்று எழுதினாள். பின்னறைக்காரி படிவத்தை எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள்.

அன்றும் மறுநாளும் சேர்த்து அப்படி ஒன்பது வீடுகள். ஒன்பதிலும் கட்டிலுக்கடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒன்பதிலும் ஒன்று என்று எழுதினாள்.

அவளுடைய வீட்டை வேறு இரண்டு பேர் எண்ணினார்கள். தன் வீட்டைத் தானே எண்ணக்கூடாது என்பது டிரஸ்டின் ஒழுங்கு. பின்னறையில் மருமகள் புது அடுப்பில் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அடுப்பின் முகப்பில் கம்பெனி ஒட்டிய காகிதத்தைக்கூட யாரும் கிழிக்கவில்லை. வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். எடைக்கார அக்கா வீடாயிற்றே என்று பேசாமல் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பட்டியலை மருந்தகத்துச் சுவரில் ஒட்டிய அன்று, ஓர் அடுப்புக்கு ஒரு வீடு என்ற விதியையும் அதன் தலைப்பில் அச்சடித்திருந்தார்கள். அன்றைக்குத்தான் குடியிருப்புக்கு விஷயம் தெரிந்தது. ஆட்சேபம் இருந்தால் பத்து நாளில் மனு கொடுக்கலாம் என்றும் போட்டிருந்தது. இஸ்திரிக்காரர் பேருக்கு ஒரு வீடு. எடைக்கார அக்கா குடும்பத்துக்கு இரண்டு.

பின்னறைக்காரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பட்டியலை மூன்று முறை படித்தாள். பிறகு அக்கா உட்கார்ந்திருந்த எடைபோடும் அறைக்கு வந்து கதவோரம் நின்றாள்.

"அக்கா, என்மேல கோவமா?"

எடைக்கார அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு எதுக்குடி உன்மேல கோவம்?"

"நீங்க அவ்வளவு தூரம் வந்து கேட்டீங்க. நான் ஒண்ணுதான்னு உங்ககிட்டயே பொய் சொன்னேன். உங்களையும் பொய் எழுத வெச்சுட்டேன். தண்ணிக்காரன் மாதிரின்னு நெனச்சுட்டேன்க்கா. என் வாய்தான் எனக்குச் சத்துரு."

"விடு."

"புது வீட்ல ஒரு ஹால், ஒரு ரூம்தானாம். அண்ணி நேத்தே சொல்லிட்டாங்க. 'அங்க பின்னறைன்னு ஒண்ணு கிடையாது, நீ பாத்துக்க'ன்னு. தப்பா சொல்லலை, அவங்களுக்கும் ரெண்டு பொண்ணு வளருது. அண்ணன் வாயே திறக்கலை. தேய்ச்ச துணியையே தேய்ச்சுக்கிட்டு இருக்காரு." அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மனு எழுதித் தரீங்களா? உங்க எழுத்துன்னா மேடம் படிப்பாங்க."

எடைக்கார அக்கா எழுதிக் கொடுத்தாள். 'அறியாமையால் என் அடுப்பை மறைத்துவிட்டேன்' என்று பின்னறைக்காரி சொல்லச் சொல்ல எழுதினாள். 'அறியாமையால்' என்ற வார்த்தை வந்தபோது பேனா ஒரு நிமிடம் நின்றது. அறிந்தவள் கையில்தானே அந்தப் பேனா இருந்தது. அவள் அதையும் எழுதி முடித்தாள்.

அடுத்த நாட்களில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தையைத் தராசில் தொங்கவிட்டுவிட்டு முள்ளைப் பார்க்க மறந்தாள். டீ கொண்டுவந்து வைக்கிற கையை நிமிர்ந்து பார்க்காமல் இருக்க, வேண்டுமென்றே நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பின்னறைக்காரியோ அவளுக்கு வழக்கத்தைவிட ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள்.

கணவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நீ மட்டுமா? அதிகாரத்துல இருக்கறவன் எல்லாம் தன் வீட்டுக்குத்தான் முதல்ல பாக்கறான்" என்றார்.

"அவங்க அதிகாரத்துல இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும்ங்க. நான் இருந்தது யாருக்கும் தெரியாது" என்றாள். "அரசாங்க ஆள் வந்திருந்தா அவங்க உஷாரா இருந்திருப்பாங்க. ஏன் எதுக்குன்னு நாலு கேள்வி கேட்டிருப்பாங்க. நான் போனதால கேக்கலை."

அவர் தட்டைக் கழுவப் போனார்.

முறையீட்டு நாள் அன்று மருந்தகத்துக் கூடத்தில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். நடுவில் செயலாளர், ஒரு பக்கம் மாநகராட்சிப் பொறியாளர், இன்னொரு பக்கம் கணக்கெடுப்புப் படிவங்களை எடுத்துக் கொடுக்க எடைக்கார அக்கா. ஆரம்பத்திலேயே செயலாளர் ஒன்றைச் சொல்லிவிட்டார். மொத்தம் இத்தனை வீடுதான் என்று மாநகராட்சி வரையறுத்துவிட்டது. ஒன்று கூட்ட வேண்டுமானால் பட்டியலில் ஒன்று குறைய வேண்டும்.

பின்னறைக்காரி வரும்போது ஒரு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேசைமேல் வைத்துப் பிரித்தாள். உள்ளே அவளுடைய அடுப்பு.

"எதுக்கும்மா இதைத் தூக்கிட்டு வந்தே?" என்றார் பொறியாளர்.

"இருக்குன்னு சொன்னா நம்பணுமே சார். அதான் அதையே கூட்டிட்டு வந்தேன்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. "பேசச் சொல்லும்மா, அடுப்பு என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நேத்து எங்கயாவது வாங்கியிருக்கலாம் இல்லையா?" என்றார் பொறியாளர்.

"நல்லாப் பாருங்க சார். திருகு உடைஞ்சு போய் மருந்து பாட்டில் மூடிய மாட்டியிருக்கேன். அந்த மூடியும் பாதி உருகிடுச்சு. காலு ஒண்ணு இல்லை, கல்லு வெச்சுதான் சமைப்பேன். இப்படி ஒரு அடுப்பை எந்தக் கடையில சார் விப்பாங்க?"

மறுபடியும் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. படிவத்தை வாங்கிப் பார்த்தார். கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார். அக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே போயிருக்கீங்க. அன்னைக்கு இந்த அடுப்பு அங்க இருந்துதா? நீங்க பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லிடுங்க. அதுல ஒண்ணும் தப்பில்லை."

அவள் தப்பிக்க அவரே ஒரு வழியைத் திறந்து வைத்தார். பார்க்கவில்லை என்று சொன்னால் முடிந்தது. ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள். பின்னறைக்காரியே முந்திக்கொண்டு, "அக்காமேல தப்பில்லை மேடம், நான்தான் மறைச்சேன்" என்றாள்.

எடைக்கார அக்கா, "பாத்தேன்" என்றாள்.

பொறியாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாத்துட்டா ஒண்ணுன்னு எழுதினீங்க?" என்றார் செயலாளர்.

"ஆமாம் மேடம். மறைப்பாங்கன்னு பயிற்சி அன்னைக்கே தெரியும். பேப்பரோட யார் வந்தாலும் மறைப்பாங்க, இங்க எல்லாரும் அப்படித்தான். நான் சொல்லலை. சொன்னா நீங்க விதியை மாத்திடுவீங்கன்னு பயந்து சொல்லலை." நிறுத்தினால் மறுபடி பேச முடியாது என்று நிறுத்தாமல் சொன்னாள். "எங்க வீட்ல ரெண்டாவது அடுப்பு கிடையாது. இப்ப இருக்கறது பயிற்சி முடிஞ்ச அன்னைக்குப் போய் வாங்கினது. எங்க பேர்ல இருக்கற ரெண்டாவது வீட்டை எடுத்து இவளுக்குக் குடுத்துடுங்க. அப்ப கணக்கு சரியா இருக்கும்."

பின்னறைக்காரி அடுப்பைச் சாக்குப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. அவள் அக்காவையே பார்த்தாள். கண்ணடித்தது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் சிவந்து, பையின் வாயை இறுக்கிச் சுருட்டினாள்.

"அன்னைக்கே தெரியுமா?" என்றாள், ரொம்பத் தணிவாக.

"தெரியும்."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

முறையீடு முடிந்து கூடம் காலியானதும் செயலாளர் எடைக்கார அக்காவை மாடி அறைக்குக் கூப்பிட்டார். பலகையில் அந்த ஒரு வரி இன்னும் அழிக்காமல் இருந்தது.

"இந்த மாதிரி வேற வீடு இருக்கா?"

"நான் எழுதினதுல இன்னும் எட்டு வீடு மேடம்." எட்டு வீட்டையும் வரிசை எண்ணோடு சொன்னாள்.

செயலாளர் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒண்ணுன்னா திருத்தம்னு சொல்லிடலாம். ஒன்பதுன்னா கணக்கெடுப்பே பொய்னு ஆகும். மாநகராட்சி அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கு. நம்ம கையில இருந்து பிடுங்கிட்டா, இப்ப கிடைக்கற வீடுங்களும் யார் யாருக்கோ போயிடும். அந்த எட்டை நான் தொட முடியாது."

"அவங்க எங்க போவாங்க மேடம்?"

செயலாளர் எழுந்தார். துணிப்பையைத் தோளில் மாட்டினார். கதவுவரை போனவர் நின்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அன்னைக்கே கையைத் தூக்கியிருந்தீங்கன்னா அடுத்த நிமிஷமே மாத்தியிருப்பேன். எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னுதானே உங்களை எடுத்தேன்."

வீட்டில் மகன் கேட்டது வேறு. அவன் கத்தவில்லை. லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பேசிப் பழகிய குரல் அவனுக்கு.

"வாங்கினப்பவும் என்னைக் கேக்கலை. குடுத்தப்பவும் என்னைக் கேக்கலை. ஆனா ரெண்டும் எனக்காகன்னு சொல்றே."

மருமகள், "விடுங்க, அத்தையை ஏன்..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று அந்த அறையில் சிரிப்பே கேட்கவில்லை.

எட்டு வீட்டுக்கும் எடைக்கார அக்கா நேரில் போனாள். தெரிந்தே ஒன்று என்று எழுதினேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். மூன்று வீட்டில் கத்தினார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவில்லை. நான்கு வீட்டில், "விடுங்கக்கா, எங்க தலையெழுத்து. உள்ள வந்து உக்காருங்க" என்றார்கள். அந்த நான்கு வீட்டில்தான் அவளால் உட்கார முடியவில்லை.

டிரஸ்டு அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. தராசு அவளிடமே இருந்தது. ஆனால் பின்னறைக்காரி வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அக்கா வருவதற்குள் துடைத்து முடித்துவிட்டுப் போய்விடுவாள். தரை மட்டும் ஈரமாக இருக்கும்.

ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த அன்று அவளே வந்தாள். பட்டியலைத் திருத்திக் கொடுத்த வீடு என்பதால் கடிதத்தில் கணக்கெடுத்தவர் ஒப்பம் வேண்டுமாம். நான்காவது அடுக்கில், படிக்கட்டை ஒட்டிய வீடு. கடிதத்தை மேசைமேல் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். மகள் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா வளர்ந்துட்டாளே" என்றாள் எடைக்கார அக்கா. "இருபது கிலோ இருப்பா. ஏத்திப் பாக்கலாமா?"

"நேரமாச்சு."

அக்கா கையெழுத்துப் போட்டாள். கோணல் எழுத்துதான், ஆனால் அன்று எப்போதையும்விட நேராகப் போட முயன்றாள். பின்னறைக்காரி மை காயும்வரை கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நான்காக மடித்தாள்.

"ரொம்ப நன்றி மேடம்" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.